மாஸ்டடானில் தோழியைப் பின்தொடர முடியவில்லை, கடவுச்சொல் தவறு என்கிறது

புதுக்கணக்கு:
வணக்கம். தோழி தன் மாஸ்டடான் பக்கத்தின் லிங்கை அனுப்பினாள். அதைத் திறந்து 'பின்தொடர்' அழுத்தினால் லாகின் கேட்கிறது. என் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் தவறு என்கிறது. கடவுச்சொல்லை மாற்றியும் அதே கதைதான். ஆனால் ஆப்பில் சரியாக உள்ளே போகிறது. என் கணக்கை முடக்கிவிட்டார்களா?

பழையஆள்:
இல்லை. கடவுச்சொல்லை இனி மாற்றாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. தோழியின் கணக்கு வேறு சர்வரில் இருக்கும். லிங்க் உங்களை அங்கே கொண்டுபோய் விடுகிறது. அங்கே உங்களுக்குக் கணக்கே கிடையாது. மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரி பதிவு போடுவதற்கான ஒரு மென்பொருள். அதைப் பலர் தனித்தனி சர்வர்களில் நடத்துகிறார்கள், ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை வழியாக அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 'மின்னஞ்சல் மாதிரி' என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மின்னஞ்சலில் யாரும் அடுத்தவர் பக்கத்துக்குப் போய்ப் பொத்தான் அழுத்துவதில்லையே! புதியவர்கள் இடறுவது அங்கேதான்.

தோழியின் முழுப்பெயரை, அதாவது @பெயர்@சர்வர் என்ற வடிவில், காப்பி செய்து உங்கள் ஆப்பின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். லிங்கையே ஒட்டினாலும் சரி. சர்வர் பெயரை விட்டுவிட்டுத் தேடினால் அதே பெயரில் வேறு யாராவது வந்து நிற்பார்கள்.

புதுக்கணக்கு:
கிடைத்துவிட்டாள், நன்றி! ஆனால் வருடக்கணக்காக எழுதுகிறவள் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. என் முகப்பும் காலி.

பழையஆள்:
உங்கள் சர்வரில் யாராவது அவரைப் பின்தொடர ஆரம்பித்த பிறகு எழுதும் பதிவுகள்தான் பொதுவாக அங்கே வந்து சேரும். பழையதைப் படிக்க அவருடைய மூலப் பக்கத்தை பிரவுசரில் திறக்க வேண்டும். ஒரு பதிவுக்கு வந்த பதில்களும் இப்படித்தான், உங்களுக்குத் தெரிவதும் அவருக்குத் தெரிவதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பழக எரிச்சலாகத்தான் இருக்கும்.

முகப்பு காலியாக இருப்பது கோளாறு இல்லை. நீங்களாகப் பின்தொடர்வது மட்டுமே அங்கே வரும், அதுவும் நேர வரிசையில். ஆட்கள் தெரியாவிட்டால் பிடித்த ஹேஷ்டேகுகளைப் பின்தொடருங்கள். 2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

நீலவானம்:
இவ்வளவு பாடு எதற்கு? புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்துக்கு வாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அழைப்பு இல்லாமலே சேரலாம், சர்வர் தேர்ந்தெடுக்கும் தலைவலியும் இல்லை.

பழையஆள்:
வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தோழி இங்கே இருக்கிறாரே!

புதுக்கணக்கு:
அப்போ அவள் சர்வருக்கே மாறிவிடட்டுமா?

பழையஆள்:
இதற்காக வேண்டாம். மாறினால் உங்களைப் பின்தொடர்பவர்களைக் கூட்டிப்போகலாம், எழுதிய பதிவுகள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். அப்புறம், தோழியோடு தனியாகப் பேசும்போது மூன்றாவது ஆளின் பெயரை @ போட்டு எழுதிவிடாதீர்கள். அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும்.