ஃப்ளாட் டாப்ஸ் மலைப் பகுதியில் எல்க் மான் எங்கே போகிறது? உதவி தேவை

கொலராடோவில் வசிக்கிறேன். அக்டோபர் கடைசியில் வரும் இரண்டாம் ரைஃபிள் சீசனுக்கு (துப்பாக்கியால் வேட்டையாட அனுமதிக்கும் காலம்) ஒயிட் ரிவர் தேசியக் காட்டில், யூனிட் 24 என்ற வேட்டைப் பகுதியில், நல்ல இடம் தேடுகிறேன். போன வருடமும் அங்கேதான். நடைபாதை தொடங்கும் ட்ரெயில்ஹெட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே போயும் பழைய புழுக்கையும் கொம்பு உரசிய மரங்களும்தான் கண்ணில் பட்டன. பனி விழவில்லை. முதல் நாள் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு ஒரு மந்தைகூட வெளியே வரவில்லை.

மாநில வனவிலங்குத் துறையின் வேட்டை அறுவடைப் புள்ளிவிவரம் (எத்தனை விலங்குகள் வேட்டையாடப்பட்டன என்ற கணக்கு), வனத்துறையின் வாகனப் பாதை வரைபடம் இரண்டையும் பார்த்துவிட்டேன். ஆன்எக்ஸ் என்ற வரைபடச் செயலியில் தனியார் நிலத்தைக் கழித்து, சாலையிலிருந்து தள்ளி இருக்கும் வடக்குச் சரிவுகளைக் குறித்தேன். அப்புறம் ஜூலையில் நடந்தும் பார்த்தேன். 10,500 அடியில் புல்வெளி ஓரம் நிறைய எல்க். ஆனால் கோடையில் மேயும் இடம் அக்டோபருக்கு உதவாது என்றே நினைக்கிறேன்.

குதிரை கிடையாது. காளை எல்க் 300 கிலோ தாண்டும், இறைச்சியை நானும் தம்பியும்தான் முதுகில் சுமக்க வேண்டும். அதனால் மிகத் தொலைவு முடியாது.

பனி இல்லாத வருடத்தில், வேட்டைக்காரர்களின் தொல்லை தொடங்கியதும் இங்கே எல்க் எந்த உயரத்தில், எப்படிப்பட்ட மரக்கூட்டத்தில் ஒதுங்குகிறது?