பெரியம்மாவின் சுரைக்குடுக்கை

உலகமே நிலைகுலைந்த பிறகு பெண்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று சொல்லும் நாவல்களைப் பற்றி இங்கே வாசகர்கள் பலரும் எழுதி, அவற்றைப் பயத்தோடு படித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அவை பழகிய முகங்களாகத் தெரிந்தன. காரணம் கஜா புயல்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நான் பேராவூரணிப் பக்கம் பெரியம்மா வீட்டில் இருந்தேன். விடிந்து பார்த்தால், தோப்பில் நின்றுகொண்டிருந்த தென்னைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப இருபத்து மூன்று நாட்கள் ஆயின. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இருந்தும் பயனில்லை. கிழக்கு வெளுக்கும் முன் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து, ஓர் அரிக்கேன் விளக்கோடு வாய்க்கால் பக்கம் போய் வருவோம். ஒருத்தி வரத் தாமதமானால் மற்றவர்கள் காத்திருப்போம்.

நிவாரண லாரியில் அரிசி, பாய், பிஸ்கட் எல்லாம் வந்தன. வேறு என்ன வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெரியம்மாதான், "வயசுப் பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் துணி வேண்டும் தம்பி, அடுத்த முறை மறக்காமல் கொண்டு வா" என்றார். அந்தத் தம்பி தலைகுனிந்து எழுதிக்கொண்டான். நான்காம் நாள் கொண்டும் வந்தான்.

இழப்பீட்டுப் பட்டியல் வந்தபோதுதான் உடைந்துபோனோம். பெரியம்மாவின் வீட்டுக்கும் தோப்புக்கும் நேராக, ஆறு வருடம் முன்பு இறந்துபோன பெரியப்பாவின் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட அவர் வரவேண்டுமாம். மார்கரெட் அட்வுட்டின் 1985ஆம் ஆண்டு நாவலான 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' பற்றி இங்கே ஒரு சகோதரி எழுதியிருந்தார். அதில் பெண்களின் வங்கிக் கணக்குகள் ஒரே நாளில் முடக்கப்படும். அந்தப் பக்கத்தை நான் மூடி வைத்துவிட்டுப் பெரியம்மாவைத்தான் நினைத்தேன். அந்த நாவலின் பெண்கள் கையில் பணமாவது முன்பு இருந்தது, பெரியம்மாவுக்குப் பட்டியலில் பெயரே ஏறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு நாவலைப் பற்றி. ஆக்டேவியா பட்லர் 1993இல் எழுதிய 'பாரபிள் ஆஃப் த சோவர்' கதையை ஒரு மாலை பெரியம்மாவுக்குச் சொன்னேன். கலிபோர்னியா சீர்கெட்டுப்போகிறது. லாரன் என்ற இளம்பெண், குடியிருப்பு எரிந்த பிறகு ஆண்வேடமிட்டு நெடுஞ்சாலையில் வடக்கே நடக்கிறாள். வழியில் சேர்பவர்களைத் துணையாக்கிக்கொள்கிறாள். அவள் மூட்டையில் விதைகளும் இருக்கின்றன.

பெரியம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டார்.

"விதையை எதில் வைத்திருந்தாள்? சாம்பல் போட்டாளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் புயலன்று ஓடுகள் பறந்தபோது அவர் நகைப்பெட்டியைத் தேடாமல் பரணிலிருந்து சுரைக்குடுக்கையை இறக்கி மடியில் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதில் சாம்பல் பிசறிய அவரை, பீர்க்கு, பரங்கி விதைகள். தை பிறந்ததும் ஏழு வீட்டுக்குப் பங்கிட்டார். அகற்ற ஆளில்லாமல் கிடந்த தென்னைமரங்களின் மேலேயே பீர்க்கங்கொடி ஏறிப் படர்ந்தது. முதல் காய்களைப் பறித்து, வாய்க்காலுக்குக் கூட வந்தவர்கள் வீடுகளுக்கு என்னைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.