எலிட்எத்தன் புள்ளிப் பட்டியலை எக்செலில் போட்டால் கணக்கு உதைக்கிறது

கேள்வி | மூலைக்கொடி

சுவீடன் பெண்கள் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான எலிட்எத்தனை ஆண்டுவாரியாக எக்செலில் தொகுக்கிறேன். மூன்று சிக்கல். ஒன்று, என் பட்டியலின் மொத்தப் புள்ளி சரியா என்று எப்படிச் சோதிப்பது? இரண்டு, மேலே போகும் கோட்டை எங்கே போடுவது? ஒரு ஆண்டு இரண்டு அணி, இன்னொரு ஆண்டு மூன்று போயிருக்கின்றன. மூன்று, பழைய பட்டியல்களில் டிவிஷன் 1 என்று இருப்பதும் இதுவும் ஒன்றா?

பதில் | கூட்டல்கழித்தல்

முதல் கேள்விக்கு மட்டும்.

14 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 13 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியே ஒன்று. ஆக ஆளுக்கு 26 ஆட்டம், சுற்றுக்கு 7, மொத்தம் 182. ஆட்டத்தில் யாராவது வென்றால் 3 புள்ளி புழக்கத்துக்கு வரும், டிரா என்றால் 2 தான். எனவே பருவ முடிவில் மொத்தப் புள்ளி = 546 கழித்தல் டிராக்கள். பேச்சுக்கு 40 டிரா என்றால் 506 வர வேண்டும். வெற்றிப் பத்தியும் தோல்விப் பத்தியும் தலா 142, டிராப் பத்தி 80. டிராப் பத்தியின் கூட்டல் ஒற்றைப்படையாக வந்தால் ஏதோ ஓர் ஆட்டத்தை ஓர் அணிக்கு டிராவாகவும் எதிரணிக்கு வேறாகவும் போட்டிருக்கிறீர்கள். கோல் வித்தியாசங்களின் கூட்டல் பூஜ்யம்.

ஆனால் 1–1 ஐ இரு பக்கமும் 1–2 என்று தட்டினால் மேற்சொன்ன சோதனை எல்லாவற்றிலும் அது தப்பிவிடும். அதனால் அணிவாரியாக எண்களைக் கையால் நிரப்பாதீர்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரே வரி: தேதி, சுற்று, உள்ளூர் அணி, வெளியூர் அணி, இரண்டு கோல் எண்கள். மற்றதெல்லாம் சூத்திரம். கடைசியில் ஒவ்வோர் அணியின் அடித்த கோல், வாங்கிய கோல் இரண்டையும் அதிகாரப்பூர்வப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். அந்தத் தவறு பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் சுவீடிஷ் பத்தித் தலைப்புகள். எஸ் ஆடியவை, வி வெற்றி, ஓ டிரா, எஃப் தோல்வி. ஆங்கிலப் பட்டியலில் எஃப் என்றால் அடித்த கோல் என்று பழகிய கண், தோல்வி எண்ணிக்கையைக் கோலாக ஏற்றிவிடும்.

வரிசைப்படுத்தும்போது புள்ளி, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல். இரு அணிகள் நேருக்கு நேர் ஆடிய முடிவை முதலில் பார்க்கும் ஸ்பானிய வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். தள்ளிவைத்த ஆட்டங்கள் இருப்பதால், பருவ நடுவில் 'சுற்று 15 முடிவில்' என்று பட்டியல் போட்டால் அது எந்தத் தேதியிலும் இருந்திராத பட்டியலாக வரும். தேதியை வைத்து வடிகட்டுங்கள்.

பதில் | வடக்குவாசல்

மேலே போகும் கோட்டை மேல் லீகின் அளவுதான் தீர்மானிக்கிறது. அந்த மேல் லீகான டாமால்ஸ்வென்ஸ்கனில் 12 அணிகள் இருந்தவரை முதல் இரண்டு அணிகள் மட்டும். 2022-இல் அது 14 ஆனது. அதற்கு இடம் நிரப்ப 2021 பருவத்திலிருந்து ஊமெயோ, கால்மார், புரொம்மபொய்கர்ன என மூன்று அணிகள் ஏறின. உங்களைக் குழப்பிய ஆண்டு அதுதான். இப்போது முதல் இரண்டு நேரடி, மூன்றாவது அணி மேல் லீகின் 12-வது அணியோடு உள்ளூர், வெளியூர் என இரண்டு தகுதி ஆட்டம். அந்த இரண்டையும் 182-க்குள் சேர்த்துவிடாதீர்கள், தனித் தாளில் வையுங்கள்.

டிவிஷன் 1 கதை வேறு. எலிட்எத்தன் 2013-இல்தான் பிறந்தது. முதல் பட்டம் எஸ்கில்ஸ்டூனா யுனைடெட்டுக்கு. அதற்கு முன் இரண்டாம் அடுக்கு நோர்எத்தன், சொடர்எத்தன் என வடக்கு, தெற்கு இரு பிரிவாக டிவிஷன் 1 என்ற பெயரில் இருந்தது. 2013 முதல் டிவிஷன் 1 மூன்றாம் அடுக்கு. பெயர் அப்படியே இருக்க, மாடி ஒன்று இறங்கிவிட்டது! மலாவியின் தபிதா சாவிங்கா 2014-இல் குரூகும் அணிக்கு அடித்த கோல்கள் மூன்றாம் அடுக்கில், 2015-இல் க்வார்ன்ஸ்வேடனுக்கு அடித்த 43 எலிட்எத்தனில். இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டியவர்கள் உண்டு.

பதில் | மூலைக்கொடி

நன்றி. 'அடுக்கு' என்று தனிப் பத்தி போட்டுவிடுகிறேன். அணிப் பெயர்களையே அடையாளமாக வைத்தால் போதுமா?

பதில் | கூட்டல்கழித்தல்

போதாது, எண் கொடுங்கள். மால்மோ ஒன்றே சாட்சி. பழைய மால்மோ எஃப்எஃப் பெண்கள் அணி 2007-இல் எல்டிபி எஃப்சி மால்மோ ஆகி, 2013 இறுதியில் ரோசென்கோர்ட் ஆனது. 2024-இல் எலிட்எத்தனை வென்ற மால்மோ எஃப்எஃப், கிளப் பின்னாளில் புதிதாகத் தொடங்கிய அணி. இதற்கிடையில் அதே ஊரில் எல்பி07 வேறு, எல்டிபியோடு ஓர் எழுத்துதான் வித்தியாசம். பெயரை வைத்து இணைத்தால் மூன்று வரலாறு ஒன்றாகிவிடும்.

பதில் | வடக்குவாசல்

எழுத்துக்கூட்டலையும் ஒரே மாதிரி வையுங்கள். மேலே சிறு வளையம் போட்ட ஏ சுவீடிஷில் ஓகாரம் போல ஒலிக்கும், ஊமெயோ, பீட்டெயோ இரண்டும் அப்படித்தான். வளையத்தை விட்டுவிட்டு 'உமேயா' என்று ஓர் இடத்தில் எழுதினால் சூத்திரம் அதை 15-வது அணியாக எண்ணும். 2003, 2004-இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற ஊமெயோ 2016-இல் கீழிறங்கி 2017 முதல் 2019 வரை இந்த லீகில்தான் ஆடியது, எனவே அந்தப் பெயர் உங்கள் தாள்களில் அடிக்கடி வரும்.