புதுப்பிப்பு: 4×5 கமராவின் குவியப் பிழை பிடிபட்டது

4×5 அங்குலத் தாள் பிலிமில் படமெடுக்கும் என் பழைய கமராவில், திருகோணமலைக் கடற்கரையில் மீனவர் ஒருவரின் கண்ணில் குவியம் வைத்தால், அவருக்குப் பின்னால் நிற்கும் படகுதான் பிலிமில் கூர்மையாக விழுகிறது என்று முன்னர் எழுதியிருந்தேன். வில்லையையும் (லென்ஸ்), பிலிமைத் தாங்கும் உறையான ஹோல்டரையும் பலர் சந்தேகித்தீர்கள். இரண்டிலும் குறையில்லை.

குற்றவாளி ஃபிரெனெல் தகடு, அதாவது குவியம் பார்க்கும் திரையை ஓரம்வரை வெளிச்சமாக்கும் மெல்லிய வரிப்பள்ளத் தகடு. முன்பு கமராவை வைத்திருந்தவர் அதை, பிம்பம் விழும் திரையான தேய்த்த கண்ணாடிக்கு முன்னால், வில்லைப் பக்கமாகச் செருகியிருக்கிறார். தகட்டின் தடிப்பு 1.5 மில்லிமீட்டர். பிலிம் வந்து அமரும் தளத்தைவிடக் கண்ணாடி அவ்வளவு பின்னே போய்விட்டது. தகட்டினூடாக ஒளி விலகுவதால் அதில் மூன்றிலொரு பங்கு ஈடாகிறது, மிச்சப் பிழை 1 மில்லிமீட்டர். அற்பம் என்று நினைக்காதீர்கள்! 150 மில்லிமீட்டர் வில்லையில் 3 மீட்டரில் வைத்த குவியம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் பின்னே ஓடிவிடும். திருகோணமலையின் சுவாமி மலையில் எடுத்த படங்கள் தப்பியது, வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 22இல் எடுத்ததால்தான். துவாரம் பெரிதான எஃப் 5.6இல் பிழையை மறைக்க இடமே இல்லை.

தகட்டைக் கழற்றி, கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் வில்லையைப் பார்க்கும்படி நேரடியாகச் சட்டத்தில் பொருத்தினேன். சட்டத்தின் விளிம்பிலிருந்து கண்ணாடி வரையான ஆழத்தை ஆழமானியால் அளந்தபோது 5.0 மில்லிமீட்டர், 4×5 ஹோல்டருக்கான நியம அளவும் அதுவே. சாய்த்து வைத்த அளவுகோலை எஃப் 5.6இல் எடுத்துப் பார்த்தேன், குறிவைத்த கோடே கூர்மையாக வந்திருக்கிறது. ஃபிரெனெல் இப்போது கண்ணாடிக்குப் பின்னால், என் பக்கம் இருக்கிறது. வெளிச்சமும் குறையவில்லை.

பழைய கமரா வாங்குகிறவர்கள் முதலில் இந்த அடுக்கு வரிசையைப் பாருங்கள்.