சிங்கப்பூரில் சிக்கனமாகச் சீன உணவு: கடையிலும் வீட்டிலும் நம் அனுபவங்கள்

ஈசூன்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலைக்காகவும் படிப்புக்காகவும் சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து சேரும் நம்மவர்களில் பலர், சீன உணவு தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிட்டு, இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளிலேயே மூன்று வேளையையும் கழிப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நம் சாப்பாட்டின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், கையைக் கடிக்காத விலையில் கீரையும் காய்கறியும் முட்டையும் சேர்ந்த சாப்பாடு அன்றாடம் கிடைக்க வேண்டுமென்றால், நாம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே இருக்கும் சீனக் கடையைவிட நல்ல இடம் இல்லை என்பது என் அனுபவம். அந்தக் கடைகளில் எப்படி வாங்குவது, எதைத் தொட்டால் விலை ஏறும், அதையே வீட்டில் எப்படிச் செய்வது என்பதையெல்லாம் அறிந்தவர்கள் இங்கே விரிவாக எழுத வேண்டுகிறேன். நானே தொடங்கி வைக்கிறேன்.

என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் எக்கானமி ரைஸ்தான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பூண்டு போட்டு வதக்கிய காங்கோங் கீரை, முட்டைக்கோஸ், நீளமாக நறுக்கிப் பொரித்த கத்தரிக்காய், தக்காளி முட்டை, தாவ் குவா என்னும் கெட்டியான சோயாக் கட்டி, இனிப்பும் புளிப்புமாகச் செய்த கோழி, முழு மீன் என்று வரிசையாகத் தட்டுகள் இருக்கும். கடைக்கார ஆண்ட்டி தட்டில் சோற்றைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார். பேச வேண்டியதில்லை, விரலால் காட்டினால் போதும். மூன்று கரண்டி விழுந்ததும் தட்டின் மேல் ஒரு பார்வையை ஓட்டிவிட்டு விலையைச் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கில் ஒழுங்கு இருக்கிறது. இரண்டு காய், ஒரு கோழி என்றால் என் வட்டாரத்தில் நான்கு வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி நிற்கும். முட்டையையும் தாவ் குவாவையும் பல கடைகளில் காய்க் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். இறாலையும் மீனையும் தொட்டால் விலை சட்டென்று ஏறும். ஆகவே, மீன் வேண்டுமென்றால் கரண்டியில் அள்ளுவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுவது நல்லது; கேட்பதை அவர்கள் தவறாக நினைப்பதில்லை. சோற்றின் மேல் ஊற்றும் கறிக் குழம்புக்கு நான் சாப்பிடும் கடைகளில் தனிக் காசு கிடையாது. நம் நாக்குக்கு அது பெரிய ஆறுதல். பொட்டலம் கட்டினால் பெட்டிக்கு இருபது முப்பது காசு கூடும் என்பதால், முடிந்தவரை உட்கார்ந்தே சாப்பிடுங்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம்.

இந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று புதியவர்கள் கேட்பார்கள். தெருவோரம் விற்றுக்கொண்டிருந்தவர்களை அரசாங்கம் 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டிக் குடியமர்த்தியது. அப்படி வந்த முதல் தலைமுறையினருக்குச் சலுகை வாடகையும் கிடைத்தது. அவர்களில் பலர் ஒரே பண்டத்தை மட்டும் முப்பது நாற்பது ஆண்டுகள் செய்து கை தேர்ந்தவர்கள். சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சான் ஹோன் மெங் என்பவரின் கடைக்கு 2016இல் சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிச்சலின் நட்சத்திரம் கிடைத்தபோது, அவருடைய சோயா சாஸ் கோழிச்சோறு ஒரு தட்டு இரண்டு வெள்ளிதான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டையே தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அதிகாலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டும் முதியவர்கள் இந்தக் கடைகளில் நிறையப் பேர். அவர்கள் ஐம்பது காசு ஏற்றும்போது முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும் என்று நான் மனமார நினைக்கிறேன்.

புக்கிட் பாத்தோக் சைவம்

ஈசூன் அண்ணாவுக்கு வணக்கம். இந்த இழையைத் தொடங்கியதற்கு நன்றி. நாங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்க்காதவர்கள். சீனக் கடை என்றாலே பன்றிக் கொழுப்பு இருக்கும் என்கிற அச்சத்தில் ஒதுங்கி நிற்கும் சைவக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். அந்த அச்சம் முற்றிலும் தவறல்ல. சார் குவே தியாவ் என்னும் வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ் போன்ற பண்டங்களில் பன்றிக் கொழுப்பும் சிப்பியும் சேர்ப்பது பழைய வழக்கம். கீரை வறுவலிலும் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். ஆனால் சீனர்களிடமே ஆழமான சைவ மரபு ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் போனால் நமக்கு ஒரு குறையும் வராது.

அதை நான் கண்டுகொண்ட இடம் வாட்டர்லூ ஸ்திரீட். அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் அருகருகே இருக்கின்றன. கருணையின் தெய்வமான குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள், நம் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவதை எந்த நாளும் பார்க்கலாம். அவர்களில் பலர் சீன நாள்காட்டியின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடுகிறார்கள். அது ஏறத்தாழ நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்குத்தான். அந்த நாள்களில் சைவக் கடைகளில் வரிசை நீளும் என்பதால், அவசரமாகச் சாப்பிட வேண்டியவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பக்கத்தில் மிடில் ரோட்டில் உள்ள ஃபார்ச்சூன் சென்டரில் சைவ உணவகங்கள் பல இருக்கின்றன. அங்கே விலை சற்றுக் கூடுதல். சிக்கனம் வேண்டுமென்றால், ஒவ்வொரு பேட்டையிலும் உணவங்காடி நிலையத்தில் இருக்கும் சைவ பீஹூன் கடைதான் சரி.

காலை வேளையில் மூன்று நான்கு வெள்ளிக்கு அங்கே கிடைப்பதைச் சொல்கிறேன். மெல்லிய அரிசிச் சேமியாவை முட்டைக்கோஸோடு வதக்கி, அதன்மேல் மொறுமொறுவென்று பொரித்த தாவ் தோலும் (சோயாப் பாலின் ஆடை), கோதுமைப் பசையில் செய்த 'வாத்து இறைச்சி'யும், ஒரு கரண்டி மிளகாய்ச் சாந்தும் வைத்துத் தருவார்கள். நான் முதலில் போன கடையில் இருந்த பெரியவர் என் நெற்றியிலிருந்த விபூதியைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு தட்டாகத் தொட்டு, "இதில் முட்டை உண்டு, இதில் இல்லை" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். வெங்காயம், பூண்டு எதுவும் அக்கடையில் கிடையாது என்பதையும் அவர்தான் சொன்னார். சீன பௌத்தர்கள் விலக்கும் ஐந்து மணப்பொருள்களில் பூண்டு, வெங்காய வகைகளோடு பெருங்காயத்தையும் சேர்த்துச் சொல்வதைப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஏனென்றால், என் மாமியார் வீட்டில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. ஆனால் பெருங்காயம் இல்லாமல் உலையே வைக்க மாட்டார்கள்.

இந்த பீஹூனை வீட்டிலேயே செய்யலாம். உலர்ந்த காளானை வெந்நீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்; சுவை முழுவதும் அதில்தான் இறங்கியிருக்கும். சேமியாவைப் பச்சைத் தண்ணீரில் வளையும் அளவுக்கு மட்டும் ஊற வைத்து வடித்துவிடுங்கள். வெந்நீரில் போட்டால் சட்டியில் குழைந்து உருண்டையாகிவிடும். இஞ்சியும் காளானும் கேரட்டும் முட்டைக்கோஸும் வதங்கியபின் காளான் தண்ணீரையும் சோயா சாஸையும் ஊற்றிக் கொதி வந்ததும் சேமியாவைப் போட்டு, குச்சியாலோ இடுக்கியாலோ தூக்கித் தூக்கிப் பிரட்டினால் தண்ணீரை முழுவதும் இழுத்துக்கொள்ளும். வெள்ளை மிளகுத்தூளும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயும் இறுதியில் சேர்க்க வேண்டும். சீனர்களின் நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. ஆகவே வாசனைக்கு மட்டும்தான், தாளிக்க ஆகாது. சிப்பிச் சாற்றுக்கு மாற்றாகக் காளானில் செய்த சைவச் சாறு பேரங்காடிகளில் கிடைக்கிறது.

தெம்பனிஸ் குடும்பம்

அக்கா எழுதியது அருமை. நான் குடும்பத்தோடு வெளியில் சாப்பிடுவதைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரூட்டிய உணவகங்களில் பட்டியலில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் முழு விலையல்ல. அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், 2024 முதல் ஒன்பது விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரியும் ஏறும். உட்கார்ந்ததும் மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும்கூடத் தனிக் காசு உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதே சமையலைக் காப்பிக்கடையில் கேட்டதைச் சமைத்துத் தரும் ஸீ சார் அடுப்பில் வாங்கினால் சேவைக் கட்டணம் இல்லை.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது அப்படி ஒரு கடைக்குத்தான் அழைத்துப் போனோம். நால்வருக்கு ஒரு கீரை, சூடான இரும்புத் தட்டில் முட்டையோடு சலசலவென்று வரும் தாவ்ஃபூ (மென்மையான சோயாக் கட்டி), இறால் விழுதில் ஊறவைத்துப் பொரித்த கோழி, ஆளுக்கொரு கிண்ணம் சோறு. எல்லாமே சிறிய அளவில் சொன்னோம். மிச்சமில்லாமல் வயிறு நிறைந்தது. அப்பா அந்தக் கோழியை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீனுக்கும் நண்டுக்கும் பட்டியலில் விலை இல்லாமல் 'பருவ விலை' என்று போட்டிருந்தால், நூறு கிராம் எவ்வளவு, அந்த மீன் எத்தனை கிராம் என்று இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அரசாங்கம் வீடுகளுக்கு வழங்கும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளைப் பல உணவங்காடிக் கடைகளில் ஏற்கிறார்கள். வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள்.

தோ பாயோ அடுப்படி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுச் சமையலுக்குக் கடை கடையாக ஏறி இறங்கிப் பத்துப் புட்டிகள் வாங்கத் தேவையில்லை. சோயா சாஸ், கறுப்பு சோயா சாஸ், வறுத்த எள்ளெண்ணெய், வெள்ளை மிளகுத்தூள், சோள மாவு ஆகிய ஐந்தும் போதும். இஞ்சியும் பூண்டும் நம் வீட்டில் எப்போதும் இருப்பவை. கடையில் வரும் புகை மணம் வீட்டில் வருவதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். வீட்டு அடுப்பின் தீ, கடை அடுப்பின் தீக்கு ஈடாகாது. அதனால் நாம் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கீரையைக் கழுவி நீர் சொட்டாமல் வடியவிட்டு, சட்டி நன்றாகக் காய்ந்து எண்ணெய் ஓடத் தொடங்கியபின், ஒரு கட்டுக் கீரையை இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டு வதக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டு கூழாவதற்குப் பதில், தண்டு நறுக்கென்று நிற்கும்.

என் பிள்ளைகள் சலிக்காமல் கேட்பது ஆவியில் வேகவைத்த முட்டை. மூன்று முட்டையை நுரைக்காமல் அடித்து, அதைப் போல இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சிறிது உப்பும் கலந்து, வடிகட்டியில் ஊற்றித் தட்டையான கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் குமிழிகளைக் கரண்டியால் எடுத்துவிட்டு, ஆவியின் நீர் சொட்டாதபடி கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி, இட்லிப் பானையில் சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் பால்கோவா நிறத்தில் வழுவழுவென்று அமையும். தீ கூடிவிட்டால் உள்ளே துளை துளையாகிவிடும். இறக்கியதும் சோயா சாஸும் இரண்டு சொட்டு எள்ளெண்ணெயும் விட்டுச் சூடான சோற்றோடு பரிமாற வேண்டும்.

இன்னொன்று பாயாம் சூப். சந்தையில் பாயாம் என்று விற்பது நம் தண்டுக்கீரை இனம்தான். ஆகவே ஊரிலிருப்பவர்களும் செய்யலாம். நெத்திலிக் கருவாட்டைக் கழுவி உலர்த்தி, பூண்டோடு பொன்னிறமாக வறுத்துப் பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கீரையைப் போட்டு, வெந்ததும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, எடுத்து வைத்த நெத்திலியை மேலே தூவினால் ஒரு வேளைக்கான குழம்பும் கீரையும் ஒரே சட்டியில் முடிந்துவிடும். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகுதான் உப்புப் போட வேண்டும்.

ஜூரோங் வெஸ்ட்

ஹைனான் கோழிச்சோற்றை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஆளுக்கொரு தட்டு என்றால் கடையில் சாப்பிடுவதே மலிவு. ஐந்தாறு பேருக்கு என்றால் ஒரு முழுக்கோழி வாங்கி வீட்டில் செய்வதுதான் இலாபம். கோழியின் அடிவயிற்றில் இருக்கும் கொழுப்பை வெட்டித் தனியே வையுங்கள். இஞ்சியும் வெங்காயத்தாளும் உப்பும் போட்டுக் கொதித்த தண்ணீரில் கோழியை அமிழ்த்தி, மீண்டும் கொதி வந்ததும் தண்ணீர் அசைந்தும் அசையாமலும் இருக்கும் அளவுக்குத் தீயைத் தணித்துவிடுங்கள். ஒன்றேகால் கிலோ கோழிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். தொடையில் குத்திப் பார்த்தால் வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் இறுகிப் பளபளக்கும்.

அந்தக் கொழுப்பைச் சட்டியில் உருக்கி, அதில் பூண்டும் இஞ்சியும் வதக்கி, களைந்து வடித்த அரிசியைப் போட்டுப் பிரட்டி, தண்ணீருக்குப் பதில் கோழி வெந்த சாற்றை ஊற்றி, முடிச்சிட்ட பண்டான் என்னும் நறுமண இலையோடு வேகவிட்டால் மணம் மாடிப்படி வரைக்கும் போகும். தொட்டுக்கொள்ள, சிவப்பு மிளகாய், பூண்டு, இஞ்சி மூன்றையும் அரைத்து, சிறிய எலுமிச்சைச் சாறும் ஒரு கரண்டிக் கோழிச் சாறும் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளலாம். மீந்த சாற்றில் முட்டைக்கோஸைப் போட்டால் சூப். எலும்புகளை எறியாமல் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை ஒரு கைப்பிடி அரிசியோடு குழைய வேகவைத்து, எலும்புகளை எடுத்துவிட்டு, இஞ்சியை மெல்லிசாகச் சீவிப் போட்டு, வெள்ளை மிளகுத்தூள் தூவினால் மூன்று பேருக்குக் கஞ்சி ஆகிவிடும்.