பத்து வயது மகளிடம் மாதவிடாய் பற்றி அப்பாவே சொல்லலாமா?

கொங்கு_அப்பா:
மகளுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது. வீட்டில் நானும் அவளும்தான். வயதுக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட நினைக்கிறேன். எந்த வார்த்தையில் சொல்வது, என்னென்ன வாங்கி வைப்பது? அத்தையை விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள்.

நர்ஸ்_மதுரை:
நீங்களே சொல்லுங்கள் சார், இப்போதே. மார்பு அரும்பி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதம் முன்பிருந்தே வெள்ளைப்படும். அது நோயில்லை என்று சொல்லாவிட்டால் பிள்ளை பயந்து மறைக்கும்.

உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டாம். வண்டியில் போகும்போது ஐந்து நிமிஷம், கடையில் நாப்கின் வாங்கும்போது ஐந்து நிமிஷம் பேசினால் போதும். "கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் மெல்லிய படலம் வளரும். கரு தங்காவிட்டால் அது ரத்தத்தோடு கழிந்துவிடும். காயம் இல்லை, இரண்டிலிருந்து ஏழு நாள் இருக்கும்." இவ்வளவுதான். சிறுநீர் வரும் வழி வேறு, இது வரும் வழி வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமே 30-40 மில்லிதான் போகும், ஆனால் பார்க்க நிறையத் தெரியும். முதல் தடவை சிவப்பாக இல்லாமல் காப்பிப்பொடி நிறத்தில் தீற்றலாகவும் படலாம்.

முதல் இரண்டு வருடம் முட்டை மாதாமாதம் வெளிவராது. அதனால் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். காலண்டரில் குறிக்கப் பழக்குங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, ஏழு நாள் தாண்டினாலோ, மூன்று மாதம் வராமல் போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

டீச்சர்_திருச்சி:
பேச்சைவிட, கையில் கொடுத்துக் காட்டுவது நல்லது. துவைத்த ஜட்டியை மேசைமேல் விரித்து, பேடின் பின்பக்கத் தாளை அவளே உரித்து ஒட்டட்டும். இறக்கை இருந்தால் அடிப்பக்கமாக மடித்து அழுத்த வேண்டும். ஜட்டி தொளதொளவென்று இருந்தால் பேட் நகர்ந்து ஓரமாகக் கசியும். கறை படுவதற்கு அதுவும் ஒரு காரணம். படுக்கும்போது நீளமான பேடைக் கொஞ்சம் பின்தள்ளி ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பேடில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் காட்டினால், தாங்குமா என்ற பயம் போய்விடும்.

பள்ளிப் பையில் சின்ன ஜிப் பை: இரண்டு பேட், ஒரு ஜட்டி, பழைய செய்தித்தாள். நனையாவிட்டாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். கழற்றியதைச் சுருட்டி, தாளில் பொதிந்து குப்பைத்தொட்டியில் போடணும். கக்கூஸில் போட்டால் உள்ளே இருக்கும் ஜெல் ஊதி அடைத்துக்கொள்ளும். கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் துணியில் பிடித்துவிடும்.

கொங்கு_அப்பா:
நன்றி. வயிற்று வலி வந்தால்?

நர்ஸ்_மதுரை:
வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் 15-20 நிமிஷம் வைக்கலாம். மாத்திரை எது, எவ்வளவு என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். டீ, காப்பி உடனே குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

டீச்சர்_திருச்சி:
இன்னொன்று. சடங்கு வைப்பதா, யாருக்கெல்லாம் சொல்வது என்று அவளிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அவள் சம்மதிக்காமல் உறவுக்காரர் யாருக்கும் போன் போகக் கூடாது, ஃபிளெக்ஸில் படமும் வரக் கூடாது. அத்தை வரட்டும், ஆனால் தனியாக உட்காரவைப்பது, தனித் தட்டு என்று ஆரம்பித்தால் நீங்கள்தான் அங்கேயே நிறுத்த வேண்டும்.