மறு: சிடி கீறலை வீட்டில் சரிசெய்வதற்கு ஒரு கலைச்சொல்

வணக்கம்.

> "கீறல் நீக்கம்" என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். கீறல் ஒரு பள்ளம். அதை எடுக்க முடியாது. பற்பசை வைத்துத் தேய்க்கும்போது பள்ளத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேய்ந்து இறங்குகிறது, கூரான விளிம்பும் மழுங்குகிறது. லேசர் ஒளி சிதறாமல் உள்ளே போக அது போதும். ஆசாரி பலகையை இழைப்பதும் இதே வேலைதான். அதனால் "வட்டு இழைப்பு" என்று முன்மொழிகிறேன். "வட்டிழைப்பு" என்று சேர்த்து எழுதினால் கண் வட்டிக்குப் போய்விடும், பிரித்தே எழுதலாம். "கீறல் இழைப்பு" வேண்டவே வேண்டாம். தீங்கிழைத்தல் மாதிரி, கீறல் போடுவது என்று அர்த்தமாகிவிடும்.

> "மினுக்கல்" ஏற்கெனவே பேச்சில் இருக்கிறதே?

இருக்கிறது. எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்துதான் புழங்கும். கல்யாண சிடியைக் கொண்டுவருபவர்கள் "போறல் (கீறல்) விழுந்திருச்சு, கொஞ்சம் மினுக்கித் தாங்க" என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் அதில் பளபளப்பு மட்டுமே தெரிகிறது, தேய்மானம் தெரியவில்லை. இழைப்பு என்றால் பொருள் குறைகிறது என்பது காதிலேயே விழும். ஒரே இடத்தை அழுத்தித் தேய்க்க யாருக்கும் கை வராது.

விளக்கக் குறிப்பில் முதலில் சொல்ல வேண்டியது, கீறல் எந்தப் பக்கம் என்பது. சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் அல்ல, படம் அச்சிட்ட மேல்பக்கப் பூச்சுக்குச் சற்றுக் கீழே. ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே அலுமினியப் படலமே உரிந்துவிட்டது, எந்த இழைப்பும் மீட்காது. டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் மேல்பக்கக் கீறலுக்கு அவ்வளவு பயமில்லை.

அடுத்தது திசை. நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் தேய்க்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் தடம் சுருளாக ஓடுகிறது. துணியால் விழும் மெல்லிய கோடு தடத்துக்குக் குறுக்கே இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் மறையும், பிழைதிருத்தும் ஏற்பாடு அதைச் சமாளித்துக்கொள்ளும். கோடு தடத்தோடு கூடவே ஓடினால் விடாமல் மறைக்கும். சிடியில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல் தொடர்ந்து தகவல் விட்டுப்போனால் முழுதாகத் திருத்த முடியாது. மெல்லிய பருத்தித் துணி, ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசை, அப்புறம் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பது, அவ்வளவுதான்.

மெழுகு பூசிப் பள்ளத்தை நிரப்புவது வேறு வேலை. அதற்குக் "கீறலடைப்பு" எனத் தனிச்சொல் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் முடிவாக வேண்டும். ப்ளூ-ரே வட்டில் தகவலுக்கு மேலே இருக்கும் உறை வெறும் 0.1 மில்லிமீட்டர். அதை இழைத்தால் போச்சு. ஆகவே "சிடி, டிவிடிக்கு மட்டும்" என்பதை வரையறையிலேயே சேர்க்கலாமா? விக்சனரி இணைய அகராதியில் ஏற்றும் முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.